இல்லாத படைக்கு ஏடு உண்டு, இருந்த படைக்கு?

இங்கிலாந்து நாட்டவரான லீ பிரிமிகோம்-வுட் என்பவர் 1995ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். 1986இல் ஜேம்ஸ் கேமரன் இயக்கத்தில் வெளிவந்த ‘ஏலியன்ஸ்’ என்னும் விஞ்ஞானக் கற்பனைப் படத்தில் வருகின்ற ‘கலோனியல் மரீன்ஸ்’ படையைப் பற்றிய கைந்நூல் அது. அப்படை எந்நாளும் எந்நாட்டிலும் இருந்ததில்லை. கதை நடப்பதோ கி.பி. 2179இல். ஆயினும் நூலைக் கையிலெடுத்துப் புரட்டுகிறவர், ஏதோ ஒரு நாட்டின் பாதுகாப்பு அமைச்சகத்து அச்சகத்திலிருந்து நேரே வந்த ஏடென்றே மயங்குவர். வீரன் ஏந்தும் துப்பாக்கியின் குழல் விட்டம் 10 மில்லிமீட்டர். அதன் பெட்டியில் அடங்கும் தோட்டாக்கள் 99. கவச வண்டி, இறங்கு விமானம், விண்கப்பல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் கோட்டோவியமும் அளவும் எடையும் கொடுக்கப்பட்டிருக்கின்றன. 2012இல் இந்நூல் மறுபதிப்பும் கண்டது.

என்னிடம் அரபி பயிலும் மாணவர் ஒருவர், பொறியியல் கல்லூரிப் பிள்ளை, இதனைக் கொணர்ந்து தந்தார். நான் ஓரிரு பக்கங்களைப் பார்த்துவிட்டு முகஞ்சுளித்துத் திருப்பித் தந்துவிடுவேன் என்றே அவர் எண்ணியிருக்க வேண்டும். நானோ முழுவதும் படித்தேன். இந்நூலாசிரியரின் உழைப்பு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. தம் ஆயுதங்களின் பெருமையை மட்டும் அவர் பாடவில்லை. அவற்றின் பழுதுகளையும் எழுதுகிறார். எங்கே சுழல் சிக்கும், எந்தக் கவசம் எதைத் தாங்காது என்பதெல்லாம் வருகிறது. இடையிடையே அப்படை வீரர்கள் தம் கருவிகளைப் பற்றிச் சலித்துக்கொண்டு கூறும் வாய்மொழிகளையும், இன்னார் கூறியது என்று பெயரோடு, சேர்த்திருக்கிறார். கூறியவரும் இல்லை, கூற்றும் இல்லை. ஆனால் மெய்யான படைவீடுகளில் அப்படித்தானே பேசுவார்கள் என்று தோன்றும்படி அமைத்துவிட்டார்.

இத்தகைய நூலை ‘பொய் மூட்டை’ என்று தூக்கி எறியச் சொல்கிற பெரியோர் நம்மிடையே உளர். என் தோழர்களான ஆலிம்கள் சிலரும் அப்படித்தான் கூறினர். அவர்களோடு நான் உடன்படவில்லை. பொய்யென்பது மெய்யென்று நம்பச் செய்து பிறரை ஏய்ப்பது. கதையென்று அறிவித்துவிட்டுச் சொல்லப்படுவது வேறு இனம். மதரஸாவில் நாமெல்லாம் பாடமாக ஓதிய ஹரீரீயின் மகாமாத்துக்களை நினைத்துப் பாருங்கள். கி.பி. 1122இல் மறைந்த அப்பேரறிஞர், ஹாரிஸ் இப்னு ஹம்மாம் அறிவிக்கிறார் என்று ஐம்பது மகாமாக்களையும் தொடங்குகிறார். அறிவிப்பாளரும் கற்பனை; ஸரூஜ் ஊரின் அபூஸைதும் கற்பனை. இஸ்னாதின் வடிவத்தைக் கதைக்கு ஆடையாக உடுத்தினார் என்பதற்காக எந்த மதரஸாவும் அவரைப் பாடத்திட்டத்திலிருந்து விலக்கிவிடவில்லை.

இனி நம் தமிழுக்கு வருவோம். முஸ்லிம் புலவர்கள் தமிழுக்குத் தந்த இலக்கிய வகைகளுள் ‘படைப்போர்’ என்று ஒன்று உண்டு. அசன் அலிப் புலவரின் ‘ஐந்து படைப்போர்’ நம் பாட்டிமார் காலத்தில் வீட்டுத் திண்ணையில் ராகத்தோடு படிக்கப்பட்ட நூல். பதினேழாம் நூற்றாண்டின் ‘சக்கூன் படைப்போர்’ அதற்கும் முற்பட்டது. அவற்றில் வருகிற மன்னர்களையும் போர்க்களங்களையும் வரலாற்று ஏடுகளில் தேடப் புகுந்தால் ஏமாற்றமே மிஞ்சும். படை எத்தனை அணி, யானை எத்தனை, வாள் எப்படி மின்னியது என்று அவர்களும் பக்கம் பக்கமாகப் பாடினார்கள். கேட்டவர்கள் உணவை மறந்து கேட்டார்கள். இல்லாத படையை வருணிப்பதற்காக ஓர் ஆங்கிலேயரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோமாயின், அசன் அலிப் புலவரையும் பக்கத்திலேயே நிறுத்த வேண்டி வரும்.

அந்நூலோடு எனக்குள்ள வழக்கு வேறு. அது அப்படையின் பெயரில் இருக்கிறது.

கலோனியல் என்னும் அச்சொல்லை லண்டனிலும் கலிபோர்னியாவிலும் இருக்கிற வாலிபர்கள் எளிதாகக் கடந்து சென்றுவிடலாம். புதுவையில் வாழ்கிற நாம் அப்படிக் கடக்க முடியாது. குடியேற்ற நாடுகளைப் பிடிக்கவும் காக்கவும் பிரான்ஸ் வைத்திருந்த படைகளுக்கு 1900ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ‘த்ருப் கொலோனியால்’ என்றே பெயர். இந்தோசீனாவை இழந்து, அல்ஜீரியாவில் தடுமாறிக்கொண்டிருந்த 1958இல், பிரெஞ்சு இராணுவமே அப்பெயரைச் சுமக்க நாணிக் கழற்றி வைத்தது. 1961இல் ‘த்ருப் தெ மரீன்’ என்னும் பழைய பெயருக்குத் திரும்பிக்கொண்டது. பிரான்ஸ் கழற்றிப் போட்ட அச்சட்டையைத்தான் இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து ஹாலிவுட் எடுத்து உதறி, இருபத்திரண்டாம் நூற்றாண்டு வீரனுக்கு உடுத்தி அழகு பார்த்தது.

படத்தின் கதையைச் சற்றே கவனியுங்கள். தொலைவான ஒரு கோளில் மனிதர்கள் குடியேறியிருக்கின்றனர். குடியேற்றத்தில் ஒரு பெரிய நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. குடியேறியவர்களிடமிருந்து செய்தி நின்றுபோகவே படை செல்கிறது. கூடவே நிறுவனத்தின் ஆளும் செல்கிறார். அங்கே மனிதரைக் கொல்லும் பயங்கர விலங்கைக் காண்கையில், அதனை ஆயுதமாக்கிக் காசு பண்ணலாமே என்று அவர் கணக்குப் போடுகிறார். ‘வெய்லாண்ட்-யுடானி’ என்பது நிறுவனத்தின் பெயர். நம் முன்னோராயிருந்தால் ‘கும்பினி’ என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள். 1664இல் பாரிஸில் தோன்றி, 1674இல் பிரான்சுவா மர்த்தேன் வழியாக இந்த மணற்கரையில் காலூன்றிய கும்பினியும் வணிகம் என்று வந்ததுதான். பிறகு படை வைத்தது, நவாபுகளை ஏற்றி இறக்கியது. படத்தின் இந்தப் பகுதி பழுதற்ற உண்மை. கேமரன் வியட்நாம் போரை மனத்தில் வைத்தே இதனை எழுதினார் என்பதும், நவீன ஆயுதங்களால் நிறைந்த படை காட்டுவழியில் தோற்றதைத்தான் விண்வெளிக்கு ஏற்றிச் சென்றார் என்பதும் அவரே கூறியவை. படைத் தலைவனாக நடித்த அல் மாத்யூஸ் வியட்நாமில் போரிட்ட மெய்யான கடற்படைவீரர். நாளைய துப்பாக்கி என்று திரையில் காட்டப்பட்டதும் இரண்டாம் உலகப் போர்க்காலத்துத் தாம்சன் துப்பாக்கியின் மேல் பூட்டிய வேலைப்பாடேயாகும்!

அப்படியானால் மாற்றப்பட்டது எது? வியட்நாமில் வியட்நாமியர் இருந்தனர். இந்தப் படத்தின் கோளில் மண்ணின் மைந்தர் என்று ஒருவரும் இல்லை. எதிர்ப்பது அமிலத்தைக் குருதியாகக் கொண்ட விலங்கு; அதனைச் சுடுவதில் யாருக்கும் உறுத்தல் வேண்டியதில்லை. குடியேற்றப் படை என்னும் பெயர் மட்டும் எஞ்சியது. அப்பெயருக்குக் காரணமான குற்றம் கழுவப்பட்டுவிட்டது. கைந்நூல் இந்தக் கழுவலை இன்னும் திருத்தமாகச் செய்து முடிக்கிறது. துப்பாக்கிக்கு ஓர் அதிகாரம், வண்டிக்கு ஓர் அதிகாரம், கப்பலுக்கு ஓர் அதிகாரம். கைம்பெண்ணுக்கும் ஓய்வூதியத்துக்கும் ஓர் அதிகாரமும் கிடையாது. துப்பாக்கியின் மறுமுனையில் நின்றவர் யார் என்று கேட்கும் அதிகாரத்தைத் தேடவே வேண்டாம். இதனைப் படித்துவிட்டு, ‘ஒரு படை எப்படி இயங்கும் என்பதை இந்நூலில் முழுமையாக அறியலாம்’ என்று என் மாணவர் சொன்னார். அங்கேதான் நான் அவரை மறித்தேன். இயந்திரம் எப்படி இயங்கும் என்பதை அறியலாம். படையை அறிய இயலாது.

சரி, குடியேற்றப் படையை அறிய விரும்புகிற புதுவைப் பிள்ளை எங்கே செல்ல வேண்டும்? வெகுதொலைவு வேண்டாம். கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு எதிரே 1938இல் எழுப்பப்பட்ட போர் நினைவுச் சின்னம் நிற்கிறது. முதல் உலகப் போரில் பிரான்ஸுக்காக மாண்ட பிரெஞ்சிந்தியருக்கு எடுக்கப்பட்டது அது. ஆண்டுதோறும் ஜூலை 14ஆம் நாள் அங்கே மலர்வளையம் வைக்கப்படுகிறது. மாலையில் ஐஸ் வாங்கித் தின்றுகொண்டு அதனருகே நிழற்படம் எடுத்துக்கொள்கிற நம் பிள்ளைகளுக்கு அதில் பொறித்த பெயர்களில் ஒன்றேனும் தெரியுமா? அது எழுந்ததற்கு இரண்டு ஆண்டுகள் முன்னே, 1936 ஜூலை 30 அன்று, இதே ஊரில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு ஆட்சியின் ஆயுதம் தாங்கியோர் சுட்டதில் 12 பேர் உயிர்நீத்தனர் என்பதாவது தெரியுமா? துப்பாக்கியின் இரு முனைகளிலும் நம் ஊரார் நின்றிருக்கிறார்கள்.

இன்னும் பின்னோக்கிச் செல்லலாம். ஸிபாஹி என்னும் பாரசீகச் சொல்தான் சிப்பாய் ஆயிற்று. பிரெஞ்சுக்காரர் வாயில் அது ‘சிப்பாயி’ என்றே நின்றது. 1746இல் அடையாற்றங்கரையில் நவாபின் பெரும் சேனையைப் பாரதீஸ் என்பவர் ஏறத்தாழ ஆயிரம் பேரைக் கொண்டு முறியடித்தாரே, அவ்வாயிரத்தில் பெரும்பாலோர் சிப்பாய்கள். அக்காலத்துப் புதுவைச் சிப்பாய்த் தலைவர்களில் அப்துர் ரஹ்மான் என்னும் நம்மவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் நமக்கு எப்படித் தெரியும்? துய்ப்ளேக்சின் தலைமைத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761இல் தாம் இறக்கும் வரை எழுதிவந்த நாட்குறிப்பில் அப்பெயர் பலமுறை வருகிறது. பிள்ளையவர்கள் வணிகர், படைவீரரல்லர். ஆயினும் யார் வந்தார், என்ன சொன்னார், எத்தனை பேர் புறப்பட்டனர், எவ்வளவு பணம் கைமாறியது என்று அன்றன்றே எழுதினார். எழுதிய ஏடுகளும் ஏறத்தாழ நூறாண்டு கேட்பாரற்றுக் கிடந்தன. 1846இல் கலுவா-மோன்பிரேன் என்னும் பிரெஞ்சு அதிகாரி கண்டெடுத்துப் படியெடுத்ததால் பிழைத்தன. அந்த ஒருவர் எழுதியிராவிடில், மற்றொருவர் கண்டெடுத்திராவிடில், அப்துர் ரஹ்மான் என்ன ஆனார்? பிரிமிகோம்-வுட்டின் கற்பனை வீரருக்கிருக்கும் பெயர்கூட அவருக்கு இருந்திராது.

பிள்ளைக்குப் பிறகு அப்படி எழுதியவர் நம்மில் எவர்? இரு உலகப் போர்களிலும், பிறகு 1946 முதல் 1954 வரை நடந்த இந்தோசீனப் போரிலும் புதுவை, காரைக்கால் பிள்ளைகள் பிரெஞ்சுச் சீருடையில் சென்றனர். ஊரில் அவர்களுக்குப் பெயர் ‘சொல்தா’. சொல்தா வீடு, சொல்தா பென்ஷன் என்று சொன்னால் இன்றைக்கும் தெருவிலுள்ள குழந்தைக்குப் புரியும். சிலர் வியட்நாமியப் பெண்களை மணந்து அழைத்துவந்தனர். அவர்கள் கொண்டுவந்த ‘நேம்’ இன்றும் புதுவைச் சமையலறைகளில் பொரிகிறது. 1954 மே 7இல் தியென் பியென் பூ வீழ்ந்தது. அதே ஆண்டு நவம்பர் முதல் நாள் புதுவை இந்தியாவிடம் வந்தது. தன் ஊர் விடுதலை பெறும் ஆண்டில் இன்னொருவர் ஊரின் விடுதலையை எதிர்த்துத் துப்பாக்கி பிடித்து நின்ற ஒரு முத்தியால்பேட்டை வாலிபனின் மனத்தில் என்னதான் ஓடியிருக்கும்? எந்த நாவலாசிரியரும் கற்பிக்க முடியாத நிலை அது. அம்மனிதர்களில் பெரும்பாலோர் இன்று மண்ணுக்குள்.

‘இது நம் சமுதாயத்தின் வரலாறன்று’ என்று கூறுவோருக்கும் விடை சொல்லியாக வேண்டும். 1881ஆம் ஆண்டு ஆணையின்படி தம் தனிநிலைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் கீழ் வந்தவர்கள் ‘ரெனோன்சான்’ எனப்பட்டனர். படையிலும் பதவியிலும் முன் நின்றவர்கள் பெரிதும் அவர்களே. கிறிஸ்தவரும் சாதியால் ஒடுக்கப்பட்டவருமே அவர்களில் மிகுதி. ஷரீஅத்தின் குடும்பச் சட்டத்தைக் கைவிட விரும்பாத நம்மவருள் அவ்வாறு துறந்தோர் மிகச் சிலர். உண்மைதான். ஆனால் அப்படைகள் காவல் நின்ற சைகோன் வீதிகளில் கடை வைத்திருந்தவர்கள் யார்? காரைக்காலிலிருந்தும் புதுவையிலிருந்தும் நாகூரிலிருந்தும் சென்ற நம் பாட்டனார்கள். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் கட்டிய பள்ளிவாசல் அந்நகரின் நடுவே இன்றும் நிற்கிறது. சொல்தாவின் துப்பாக்கி நிழலில்தான் நம் துணி மூட்டைகள் விற்றன. பங்காளி என்று ஒப்புக்கொள்ள மனமில்லையேல், அண்டை வீட்டார் என்றாவது ஒப்புக்கொள்ளலாமே!

‘அந்நியனுக்குச் சேவகம் செய்தவர்களை ஏன் போற்றி எழுத வேண்டும்?’ என்பது மற்றொரு கேள்வி. தேசப் பற்றில் சிறந்த நண்பர்கள் இதனைக் கேட்கிறார்கள். போற்ற வேண்டும் என்று யார் சொன்னது? எழுதுவது வேறு, போற்றுவது வேறு. ஹதீஸ் கலையை நிலைநாட்டிய நம் இமாம்கள் அறிவிப்பாளர்களின் வரலாற்றை எழுதும்போது நல்லவர்களை மட்டுமா எழுதினார்கள்? குறை கூறப்பட்டோரையும் பொய்யரையும் தனியே தொகுத்தே இமாம் தஹபீ ‘மீஸானுல் இஃதிதால்’ என்னும் பெருநூலைச் செய்தார். இன்னார் இந்த ஊரில் பிறந்தார், இன்னாரிடம் கேட்டார், முதுமையில் நினைவு தடுமாறினார், இன்ன பொய் சொன்னார் என்று அத்தனையும் அதில் உண்டு. மனிதர்களைப் பதிந்து வைப்பதில் உலகில் எவருக்கும் பின்தங்காத ஒரு கல்வி மரபின் வாரிசுகள் நாம். ஸலாஹுத்தீன் அய்யூபிக்காகப் படைக்கலக் கைந்நூல் எழுதிய தர்ஸூஸீகூட, அலெக்ஸாந்திரியாவில் ஆயுதக் கைவினைஞர் ஒருவரிடம் கேட்டறிந்ததைக் குறித்து வைத்திருக்கிறார். அப்படிப்பட்ட மரபில் வந்த நமக்கு, பக்கத்துத் தெருச் சொல்தா எந்த ரெஜிமெண்டில் இருந்தார் என்று தெரியவில்லை. இல்லாத ஒரு துப்பாக்கியில் 99 தோட்டா என்று தெரிந்திருக்கிறது!

பிள்ளைகளைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் கையில் நாம் எதைக் கொடுத்தோம்? கோட்டோவியமும் அளவும் விளக்கமுமாக அழகிய நூல் ஒன்றை ஓர் அந்நியர் செய்து கொடுத்தார்; வாங்கிப் படித்தார்கள். நம் பெரியவர் மறைந்ததும் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தவர்கள், பென்ஷன் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைப் பழைய காகிதக்காரனிடம் கிலோக் கணக்கில் எடைபோட்டார்கள். பதக்கம் பித்தளையா வெள்ளியா என்று உரைத்துப் பார்த்தார்கள். சீருடைப் படம் பூஞ்சணம் பிடித்தது. ‘லிவ்ரே மிலித்தேர்’ என்னும் படைவீரனின் சிறு புத்தகத்தில் அவன் சேர்ந்த நாள், பெற்ற பயிற்சி, சென்ற நாடுகள், காயம், விடுவிப்பு எல்லாம் வரிசையாக உண்டு. கற்பனைப் படைக்குக் கைந்நூல் செய்ய பிரிமிகோம்-வுட் எத்தனை இரவு விழித்தாரோ தெரியாது. நமக்கு அந்தச் சிரமமும் இல்லை, அரசாங்க முத்திரையோடு எழுதியே கொடுத்திருக்கிறார்கள். அதைத்தான் கரையானுக்கு விட்டுவிட்டோம்.

பெட்டியில் ஒன்றும் எஞ்சவில்லை என்போர் சோர்ந்துவிட வேண்டாம். பிரான்ஸுக்காகப் போரில் மாண்டோரின் பதிவுகளை அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகம் ‘மெமுவார் தெ ஸோம்’ என்னும் இணையத் தளத்தில் எவரும் காணும்படி வைத்திருக்கிறது. முதல் உலகப் போரில் இறந்தவரின் அட்டையைப் பெயர் கொடுத்துத் தேடலாம். தமிழ்ப் பெயர்களை பிரெஞ்சு எழுத்தர் எப்படியெல்லாம் சிதைத்து எழுதினார் என்பதை மட்டும் நினைவில் வைத்துத் தேட வேண்டும். ஒரே பெயருக்கு நான்கு எழுத்துக்கூட்டல் இருக்கக்கூடும். படையில் பணிபுரிந்தோரின் கோப்புகள் போ என்னும் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. குடியேற்ற ஆட்சியின் காகிதங்கள் எக்ஸ்-அன்-ப்ரோவான்ஸ் நகரத்தில் இருக்கின்றன. புதுவைக் குடும்பங்களில் பாரிஸிலோ லியோனிலோ ஒரு மருமகனாவது இல்லாத குடும்பம் அரிது. விடுமுறைக்கு வரும்போது வாசனைத் திரவியம் வாங்கிவரச் சொல்லுகிறோமே, இந்தப் படிகளையும் எடுத்துவரச் சொல்லலாம்.

என் மாணவரிடம் அந்நூலைத் திருப்பிக் கொடுத்தபோது ஒரு நோட்டுப் புத்தகமும் சேர்த்துக் கொடுத்தேன். ஆங்கிலேயரின் அமைப்பையே பின்பற்றும்படி சொன்னேன். அதில் எனக்கு வெட்கமில்லை. ஒவ்வொரு சொல்தாவுக்கும் ஒரு பக்கம்: பெயர், தந்தை பெயர், தெரு, சேர்ந்த ஆண்டு, கப்பலின் பெயர், எந்த நாடு, யாரை எதிர்த்து, எவ்வளவு சம்பளம், ஊருக்கு எவ்வளவு அனுப்பினார், திரும்பினாரா, மனைவி யார், செய்தியைச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார். கடைசி இரண்டு கேள்விகளை நான் சேர்த்தேன். ஆங்கிலேயரின் நூலில் அவை இல்லை. முதல் பக்கத்துக்கு அவர் தம் தெருவின் கோடியிலுள்ள எண்பத்தைந்து வயது மூதாட்டியிடம் சென்றிருக்கிறார். அவ்வம்மையாரின் கணவரது லிவ்ரே கிடைத்துவிட்டது. ஆனால் மழையில் ஊறிய கையெழுத்தை வாசிக்க முடியவில்லை. பிரெஞ்சு பேசுவோர் புதுவையில் இன்னும் குறைவில்லை. பழைய படை எழுத்தரின் சாய்ந்த கையெழுத்தையும் சுருக்கக் குறிகளையும் பிரித்துப் படிக்க வல்ல முதியவர்கள் எவரேனும் இவ்வேட்டைப் படிக்கும் குடும்பங்களில் இருப்பின், மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தர வேண்டுகிறேன்.